சகுரா மணம் எந்தப் பாட்டிலில்?

நான் வசிக்கும் ஒசாகாவுக்கு வேலையாக வந்திருந்த நண்பர் ஒருவர், ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மதுக்கடையில் நின்றுகொண்டு ஒரு படம் அனுப்பினார். அலமாரியில் வரிசையாக ஜப்பானிய ஜின் பாட்டில்கள். (ஜின் என்பது ஜூனிபர் காயின் மணம் ஏற்றிய வடிமது.) கீழே ஒரே வரி: "இதுல செர்ரிப் பூ வாசனை வர்றது எது?" ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் தட்ட ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமானால், ஜப்பானியர் சகுரா என்று சொல்லும் செர்ரிப் பூவுக்கு வாசனை உண்டா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு கணக்கு. இந்தியாவுக்குள் ஒருவர் வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். ஜப்பானில் நல்ல ஜின் பெரும்பாலும் 700 மில்லி பாட்டிலில் வருகிறது. மூன்று வாங்கினால் 2.1 லிட்டர், எல்லை தாண்டிவிடும். ஆக, பெட்டியில் இடம் இரண்டுக்குத்தான். அந்த இரண்டு இடத்துக்கு ரோக்கு, சகுராவோ, கி நோ பி என்று மூன்று நல்ல ஜின்கள் போட்டி போடுகின்றன. எந்தக் கடையிலும் விற்காத நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பானின் பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் வசந்தத்தில் வெள்ளையும் வெளிர் ரோஜாவுமாகப் பூத்து நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை சோமெய் யோஷினோ என்ற வகை. எடோ காலத்தில் (1603–1868) உருவான கலப்பினம் அது. விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக் கட்டித்தான் பரப்பினார்கள். ஒரு கரையில் நிற்கும் மரங்கள் அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் பூத்து, சொல்லிவைத்தாற்போல் உதிர்வது அதனால்தான். அந்த மரத்தடியில் பாய் விரித்து, நண்பர்களோடு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்வதுதான் ஹனாமி. இங்கே வந்த முதல் வருடம், தாழ்ந்து தொங்கிய ஒரு கிளைக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். மணம் அநேகமாக இல்லை. மல்லிகையும் தாழம்பூவும் பழகிய நமக்கு இது பெரிய ஏமாற்றம். இவ்வளவு பூத்துவிட்டு மணக்காமல் எப்படி இருக்கும் என்று நம்பவே முடியவில்லை.

அப்படியானால் ஜப்பானியர்கள் 'சகுரா மணம்' என்று சொல்வது எதை? பெரும்பாலும் இலையை.

வசந்தத்தில் எந்த இனிப்புக் கடைக்குப் போனாலும் சகுராமோச்சி இருக்கும். உள்ளே இனிப்புப் பயறு விழுது, வெளியே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு உறை, அதைச் சுற்றி உப்பில் ஊறிய செர்ரி இலை. 1717-இல் எடோவின் (இன்றைய டோக்கியோ) சுமிதா ஆற்றங்கரையில், சோமெய்ஜி கோயிலின் வாயிற்காவலர் யாமமோத்தோ ஷின்ரோக்கு என்பவர் இதைச் செய்து விற்கத் தொடங்கினார் என்று சொல்கிறார்கள். கரையோர மரங்களின் இலைகளை என்ன செய்வது என்று யோசித்து உப்பில் போட்டுவைத்ததுதான் ஆரம்பமாம். இன்றும் டோக்கியோ பக்கத்தில் உறை மெல்லிய அடை போல இருக்கும். எங்கள் ஒசாகா பக்கத்தில் அது குருணையாக உடைத்த பசையரிசி. உறை ஊருக்கு ஊர் மாறுகிறது, இலை மட்டும் மாறுவதே இல்லை.

இலைக்கு ஓஷிமா சகுரா என்ற வகைதான் ஏற்றது. இலை பெரியது, மென்மையானது, சுணை இல்லாதது. ஷிசுவோகா மாகாணத்தில், இசு தீபகற்பத்தின் மட்சுசாக்கி என்ற சிற்றூரிலிருந்துதான் நாட்டின் உப்பிட்ட செர்ரி இலையில் பெரும்பகுதி வருகிறது. இலைகளை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, ஆள் உயர மரத் தொட்டிகளில் உப்பு போட்டு, மாதக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். பச்சை இலையைக் கசக்கி முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. உப்பில் இலையின் திசு உடைந்ததும், அதுவரை சர்க்கரையோடு பிணைந்து மணமில்லாமல் கிடந்த ஒரு பொருள் விடுபட்டு கூமரின் ஆகிறது. அறுத்துக் காயப்போட்ட புல்லில் வெயில் ஏறினால் வருமே, இனிப்பும் பொடி மணமும் கலந்த ஒன்று, அதுதான் கூமரின். கறுவாப்பட்டையிலும் இது உண்டு.

பூவையும் உப்பிடுகிறார்கள். அதற்கு அடுக்கு இதழ் உள்ள யாயெசகுரா வகை. கனகாவாவின் ஹதானோ பக்கம் இதற்குப் பெயர் போனது. பூவை உப்பிலும், உமே என்ற ஜப்பானியப் புளிப்புப் பழத்தின் காடியிலும் போட்டு, பிறகு உலர்த்திவைப்பார்கள். திருமண நிச்சயத்தில் இதை ஒரு கோப்பை வெந்நீரில் இட்டு விருந்தினருக்குக் கொடுப்பது வழக்கம். தேநீர் தரமாட்டார்கள். 'தேநீரைக் கலங்கவைப்பது' என்றால் ஜப்பானிய மொழியில் மழுப்பிப் பேசுவது என்று பொருள், நல்ல காரியத்துக்கு அது ஆகாது. ஒரு முறை எனக்கும் அந்தக் கோப்பை கிடைத்தது. அடியில் உப்புப் படிந்து சுருண்டு கிடந்த மொட்டு, வெந்நீர் பட்டதும் ஒவ்வொரு இதழாகப் பிரிந்து, ஒரு நிமிடத்துக்குள் முழுப் பூவாக மிதந்தது. வாயில் வைத்தால் உப்பு, கொஞ்சம் புளிப்பு. மணம், மூக்கைக் கோப்பைக்குள் இறக்கினால் மட்டும்.

ஆக, ஜின்னுக்கு இந்த மரம் தருவது இரண்டு. பூ தருவது மென்மையான, சட்டென்று ஓடிவிடுகிற ஒரு சாயல். இலை தருவது நின்று பேசுகிற மணம். பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அதில் இலை இருக்கிறதா என்பதைத்தான்.

அந்தக் கணக்கில் முதலில் நிற்பது ரோக்கு. சன்டோரி நிறுவனம் 2017-இல் வெளியிட்டது, ஒசாகாவில் வடிக்கிறார்கள். 'ரோக்கு' என்றால் ஆறு. ஆறு ஜப்பானிய வாசனைச் சரக்குகள், பாட்டிலுக்கும் ஆறு பக்கம். சகுராப் பூ, சகுரா இலை, செஞ்சா தேயிலை, கியோகுரோ தேயிலை, சான்ஷோ என்ற காரச் சரக்கு, எலுமிச்சை வகைப் பழமான யுசுவின் தோல். ஆறில் இரண்டு ஒரே மரத்திலிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். பெயரில் சகுரா இல்லாத இந்தப் பாட்டிலில்தான் பூவும் இலையும் சேர்ந்து இருக்கின்றன. இவற்றோடு வழக்கமான ஜின் சரக்குகள் எட்டு: ஜூனிபர், கொத்தமல்லி விதை, ஏலக்காய், இலவங்கப்பட்டை, ஏஞ்சலிக்கா என்ற செடியின் வேரும் விதையும், கசப்பு ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் பாதி கிடைக்கும்.

எனக்கு இதில் பிடித்தது செய்கிற முறை. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டிக் காய்ச்சுவதில்லை. பருவத்தின் உச்சத்தில் பறிப்பதை ஜப்பானியர் 'ஷுன்' என்பார்கள். சகுரா வசந்தத்தில், தேயிலை கோடையில், சான்ஷோ இலையுதிர் காலத்தில், யுசு குளிர்காலத்தில் என்று அதனதன் ஷுன்னில் எடுத்து, தனித்தனியாக வடித்து, பிறகு கலக்கிறார்கள். யுசு தோலுக்குச் செப்புக் கொப்பரை. சகுராவுக்கு அழுத்தம் குறைத்த எஃகுக் கொப்பரை. அழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், பூவின் மணம் வெந்து போகாது. மல்லிகையை அடுப்பில் கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு ஏன் என்று புரிந்துவிடும்.

குடித்தால் என்ன தெரிகிறது? முகர்ந்ததும் சகுராவும் பசுந்தேயிலையும் முன்னால் வருகின்றன, வாயில் யுசு, கடைசியில் சான்ஷோ நாக்கு நுனியில் மெல்ல மரமரக்கும். சான்ஷோவை ஜப்பானிய மிளகு என்கிறார்கள், ஆனால் மிளகுக்கு உறவே இல்லை. எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம் அது. சகுரா இதில் ஒரு மெல்லிய திரை மாதிரிதான், கூடை கூடையாகக் கொட்டாது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கூமரின் கொதிப்பது ஏறக்குறைய 300 டிகிரியில். காய்ச்சி வடிக்கும்போது கொஞ்சம்தான் ஆவியோடு ஏறி வரும்.

வாங்குபவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜப்பானுக்குள் விற்கும் ரோக்குவில் ஆல்கஹால் 47 சதவீதம், வெளிநாட்டுக்குப் போவது 43. பல நாடுகளில் கிடைக்கிற பாட்டில்தானே, இங்கிருந்து ஏன் தூக்கிச் செல்ல வேண்டும் என்று கேட்டால், இந்த 47-க்காகத்தான். தண்ணீரோ சோடாவோ சேர்த்த பிறகும் மணம் தாங்கி நிற்கும். சாதாரண மதுக்கடையில் லேபிளில் அந்த எண்ணைப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது சகுராவோ. பெயரில் சகுரா இருப்பதால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுத்துவிடுகிறார்கள். சகுராவோ என்பது ஊர்ப் பெயர், ஹிரோஷிமா மாகாணம் ஹட்சுகாய்ச்சியில் இருக்கிறது. கடலுக்குள் நிற்கும் தோரி வாயிலோடு எல்லாப் படங்களிலும் வருமே, மியாஜிமா தீவு, அது இந்த நகரத்துக்குள்தான். 1918-இல் தொடங்கிய ஒரு பழைய மது நிறுவனம் தன் நூறாவது ஆண்டை ஒட்டி இங்கே புதிய வடிசாலை கட்டி, 2018-இல் ஜின்னை வெளியிட்டது.

இதில் ஒரிஜினல், லிமிடெட் என்று இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரிஜினலில் 14 சரக்குகள், ஒன்பது ஹிரோஷிமாவில் விளைந்தவை: எலுமிச்சை, யுசு, நார்த்தை போன்ற சில பழங்கள், ஹினோக்கி மரம், பசுந்தேயிலை, சிவப்பு ஷிசோ இலை, இஞ்சி. ஜப்பானிலேயே அதிகம் எலுமிச்சை விளைவது ஹிரோஷிமாவில்தான். ஒரிஜினலைத் திறந்தால் அந்தத் தோட்டம்தான் முன்னால் வரும். சகுராவுக்காக இதை வாங்கினால் ஏமாற்றம்தான். லிமிடெட்டில் 17 சரக்குகள், அத்தனையும் ஹிரோஷிமா மண்ணிலும் கடலிலும் கிடைத்தவை. செர்ரிப் பூ அதில்தான் இருக்கிறது, வசாபி இருக்கிறது, சிப்பி ஓடுகூட இருக்கிறது. ஜின்னுக்கு உயிரான ஜூனிபரையும் உள்ளூரிலேயே தேடி எடுத்திருக்கிறார்கள். அது சாதாரண காரியம் இல்லை. ஜப்பானில் ஜின் செய்பவர்கள் பொதுவாக ஜூனிபரை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைப்பார்கள்.

லிமிடெட்டைக் குடித்துவிட்டு "இதோ பூ" என்று தனியாகச் சுட்டிக்காட்ட என்னால் முடியவில்லை. மரப்பட்டை, பழத்தோல், பின்னால் கடற்கரைக் காற்று மாதிரி ஒரு உலர்ந்த உப்புச் சாயல், இவற்றுக்குள் பூ கரைந்துவிடுகிறது. ஆனால் ஒரு ஊரை அப்படியே பாட்டிலுக்குள் அடைத்த நிறைவு வேறு எதிலும் இல்லை. சகுராவைத் தேடுபவருக்கு இது இரண்டாம் இடம். ஜப்பானின் ஒரு மூலையை முழுதாக ருசிக்க நினைப்பவருக்கு இதுதான் முதலிடம். எல்லாக் கடையிலும் இருக்காது, கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மூன்றாவது கி நோ பி. 2016-இல் கியோட்டோவில் தொடங்கியது, ஜப்பானில் ஜின்னுக்கென்றே அமைந்த முதல் வடிசாலையின் தயாரிப்பு. பெயருக்குப் 'பருவத்தின் அழகு' என்று பொருள் சொல்லலாம். கியோட்டோ, பருவம், அழகு என்றெல்லாம் கேட்டதும் செர்ரிப் பூ இல்லாமலா என்று தோன்றும். இல்லை. அரிசியில் வடித்த சாராயம் அடிப்படை, அதன் மேல் யுசு, ஹினோக்கி, மூங்கில் இலை, உஜி என்ற ஊரின் கியோகுரோ தேயிலை, பச்சை சான்ஷோ, இஞ்சி, சிவப்பு ஷிசோ. ஆறு பிரிவாக வடித்து, கலந்து, கியோட்டோவின் ஃபுஷிமிப் பகுதி நீர் சேர்த்து 45.7 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அரிசி தரும் வழவழப்பு நாக்கில் நன்றாகத் தெரியும். மூன்றையும் எதுவும் கலக்காமல் சிறிய கோப்பையில் ஊற்றிவைத்துக் குடித்தால் இதுதான் ஜெயிக்கும் என்பது என் கருத்து. விலையும் அதற்கேற்ப. சகுராதான் வேண்டும் என்று நிற்பவருக்கு மட்டும் இதைக் கொடுக்க முடியாது.

ரயில் நிலையப் பரிசுக் கடைகளில் ரோஜா நிறத்தில் பளபளக்கும் சகுரா மதுக்களும் உண்டு. உள்ளே இதழ் மிதக்கும், கண்ணுக்கு அழகு. பல வருடத்துக்கு முன் ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டுபோனேன். சர்க்கரைப் பாகும் சோப்பு மணமும்தான் மிஞ்சியது. பெரும்பாலும் அவை ஜின்னே இல்லை, சர்க்கரை சேர்த்த லிக்யூர் ரகம். வடித்த ஜின்னில் நிறம் இருக்காது. ரோக்கு, சகுராவோ, கி நோ பி மூன்றும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். ரோஜா நிறம் தெரிந்தால் பின்னால் திருப்பி, சர்க்கரையும் வாசனைப் பொருளும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்த நான்காவது. என் வீட்டுச் சமையலறையில் வசந்தத்தில் தயாராவது. உப்பிட்ட செர்ரி இலை, இனிப்பு செய்யும் பொருட்கள் விற்கிற கடைகளில் பத்துப் பத்தாகப் பொட்டலத்தில் கிடைக்கும். இரண்டு இலையை எடுத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு உப்பைப் போக்குவேன். துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, நடு நரம்பைக் கிள்ளிவிட்டு, 200 மில்லி ஜின்னில் போடுவேன். அடிப்படைக்கு விலை குறைந்த, ஜூனிபர் மட்டும் பேசுகிற எளிய ஜின் போதும். கி நோ பியில் இலை போடுவது பாவம். மாலையில் போட்டால் மறுநாள் காலையில் எடுத்துவிட வேண்டும், அதற்கு மேல் விட்டால் கசப்பு இறங்கும். ஜின் லேசாகப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வரும், வைக்கோல் அலசிய தண்ணீர் மாதிரி. மூடியைத் திறந்ததும் சகுராமோச்சிக் கடைக்குள் நுழைந்த மணம். வடிப்பதில் முழுதாக ஏறாத கூமரின், ஊறலில் நேராக இறங்கிவிடுகிறது. மணத்தின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் கடையில் உள்ள எதுவும் இதை நெருங்காது.

இதற்குச் சட்டம் இடம் தருகிறதா என்று கேட்பார்கள். ஆல்கஹால் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள, வரி கட்டிய மதுவில், சொந்த உபயோகத்துக்காக ஊறவைக்கலாம் என்று ஜப்பானிய மதுவரிச் சட்டம் அனுமதிக்கிறது. திராட்சை, அரிசி போன்ற சிலவற்றைப் போடக் கூடாது. விற்கவும் கூடாது. அப்புறம், கூமரின் அளவு மீறினால் கல்லீரலுக்கு நல்லதில்லை. இரண்டு இலை என்று சொன்னது அதையும் நினைத்துத்தான், மணம் பிடித்துப்போய் பத்து இலையாக ஏற்றிவிடாதீர்கள். கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்த ஊறல் வேண்டாம்.

குடிக்கும் விதமும் தேர்வை மாற்றும். டானிக் வாட்டரில் உள்ள குயினைன் கசப்பு ஜூனிபரோடு நன்றாகச் சேரும், சகுராவை அமுக்கிவிடும். ரோக்குவைத் தயாரிப்பவர்களே டானிக்கோடு மெல்லியதாக நறுக்கிய இஞ்சி போடச் சொல்கிறார்கள், அது நன்றாகவும் இருக்கிறது, ஆனால் அதில் நான் ருசிப்பது யுசுவையும் இஞ்சியையும்தான். சகுரா தெரிய வேண்டுமானால் வெறும் சோடா. அதைவிட வெந்நீர். ஜப்பானிய வடிமதுவான ஷோச்சுவைக் குடிப்பது போல, முதலில் கோப்பையில் கொதிநிலைக்குக் கீழே ஆறிய வெந்நீர் மூன்று பங்கு, அதன் மேல் ஒரு பங்கு ஜின். 47 சதவீத ரோக்கு அப்போது ஏறக்குறைய 12-க்கு இறங்கிவிடும், அரிசி மதுவான சாக்கேயைவிடக் கொஞ்சம் இளசு. ஆவியோடு இலை மணம் எழும். பூ பூக்கும் நாட்களில் இங்கே மாலையானால் குளிர் இறங்கிவிடும், ஹனாமிப் பாயில் வெந்நீர்க் குடுவை வைத்திருப்பவருக்கு மரியாதையே தனி. டோக்கியோவில் ஷின்ஜுகு கியோயென் தோட்டத்துக்குள் மட்டும் எந்த மதுவுக்கும் அனுமதி இல்லை, அங்கே போகிறவர்கள் பாட்டிலை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

நண்பருக்கு அன்று நான் எழுதிய பதில் இவ்வளவு நீளம் இல்லை. முதல் இடம் ரோக்கு, 47 என்று போட்டது. இரண்டாவது இடத்துக்கு சகுராவோ லிமிடெட் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், இல்லையென்றால் கி நோ பி. ஒரிஜினல் வேண்டாம், எலுமிச்சை நம் ஊரிலேயே இருக்கிறது. லிமிடெட் இல்லை என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இரவு ரோக்குவும் கி நோ பியும் இருந்த பையோடு வீட்டுக்கு வந்தார். எதையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் அலமாரியிலிருந்து இலை ஊறின குடுவையை எடுத்தேன், அவர் கெண்டியில் தண்ணீர் வைத்தார்.